செண்பகம் மேடம் திரும்பப் பெற்ற கட்டுரை

செண்பகம் மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் சேலத்தில் ஒரு விடைத்தாள் திருத்தும் மையத்தில் இருந்தேன். காலை பதினொன்றரை மணி இருக்கும். செல்போனை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் சத்தத்தை மட்டும் நிறுத்தி மடியில் வைத்திருந்தேன். எங்கள் ஆய்வக உதவியாளர் ரஹீம் பாய் இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு ஒரு வரி அனுப்பியிருந்தார். "சார், மேடம் காலைல போயிட்டாங்க. காரிமங்கலத்து வூட்லதான் இருக்குதுங்க." என் முன்னால் இருந்த விடைத்தாள் கட்டில் ஒன்பது தாள்கள் மிச்சம். ஒன்பதையும் திருத்தி, கூட்டலைச் சரிபார்த்து, கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். கடமை என்று நினைத்துச் செய்யவில்லை. கையிலிருந்த வேலையை முடிப்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு வருடமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். எதிர்பார்த்து எதிர்பார்த்தே பாதி சோர்ந்து போயிருந்தேன்.

துறையின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்கப்போகிறவர்களில் பலர் அவரிடம் விலங்கியல் படித்தவர்கள். சிலர் முதுகில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவரை அறிந்தவர்கள். இரு தரப்பாருக்கும் அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்வதற்குள் கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் தருமபுரி கல்லூரியில் ஆசிரியர்களாகச் சேர்ந்தோம். ஏறக்குறைய ஒரே வயது. காரிமங்கலத்தை ஒட்டிய மானாவாரி நிலத்துக் குடும்பம் அவருடையது. பெங்களூரில் மீன்களின் தண்டுவடத்தைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர், அங்கேயே தங்கியிருக்கலாம். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு, "வேலை கெடச்சுதுங்க, வந்துட்டேன்" என்பார். வீட்டில் யாராவது முடங்கிக் கிடந்தார்களா, அதனால்தான் இந்த ஆராய்ச்சியா என்று ஒரு நிருபர் உருக்கமாகக் கேட்டபோது, "இல்லைங்க. மீனு பிடிச்சிருந்துச்சு" என்றார். நிருபர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசிவரை அவர் எனக்கு மேடம்தான், நான் அவருக்கு சார்தான். பெயர் சொல்லி அழைத்துக்கொண்டதே இல்லை.

தாவரவியல் துறை கைவிட்ட ஒரு சாமான் அறையைக் கேட்டு வாங்கி, அதில் அவர் மீன் தொட்டிகளை அடுக்கினார். விரல் நீளம்கூட இல்லாத, உடலில் நீலக்கோடு ஓடும் ஜீப்ரா மீன்கள். முதல் இரண்டு மாதம் வைத்த மீனெல்லாம் செத்தது. ரஹீம் பாய் தினமும் காலையில் வலையோடு நின்று எண்ணிச் சொல்வார். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடும் உப்பும் எவ்வளவு என்பது இந்த மாவட்டத்தில் பழுப்புக் கறை படிந்த பல்லைக் காட்டிச் சிரிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு ஒகேனக்கல் குடிநீர் வரும் குழாயிலிருந்து கேன்களில் பிடித்து வந்து, குளோரின் போகும்வரை திறந்து வைத்து ஊற்றினார்கள். மேடமும் ரஹீம் பாயும் கேனுக்கு ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மாடி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். "இந்த மீனு தாங்காத தண்ணியத்தான் சார் நாம குடிச்சு வளந்தோம்" என்றார் ஒருநாள். மீன்கள் பிழைத்தன. நான் அந்த அறைக்குள் போனது அதற்குப் பிறகுதான். வகுப்பெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாமல் வருடங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. "உங்க கை நெதானமா இருக்கு சார், அறுவைய நீங்க பாத்துக்கங்க" என்றார். ஒப்புக்கொண்டேன்.

இந்த மீனுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தண்டுவடத்தை வெட்டினால், வால் செத்ததுபோல் ஆகித் தொட்டியின் அடியில் கிடக்கும். சில வாரங்களில் அறுந்த இடத்தில் இழைகள் மறுபடி வளர்ந்து இணையும். மீன் நீந்தும். மனிதருக்கு அப்படி ஆவதில்லை. ஏன் என்பதை மேடம் முதலாமாண்டு மாணவர்களுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "அடிபட்ட எடத்துக்கு ஒடம்பு காவலுக்கு ஆளு அனுப்பும். வீங்கும், சிவக்கும். மீனுக்கு வந்தவங்க வேலைய முடிச்சுட்டுக் கெளம்பிடுவாங்க. நமக்கு வந்தவங்க அங்கயே குடியிருந்து தழும்பாக்கிடுவாங்க. வழி அடைஞ்சு போவுது." அந்தக் காவலாட்களைச் சீக்கிரம் கிளம்பச் செய்யுமா என்று, வேறொரு நோய்க்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஒரு மருந்தை மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். மருந்து பெற்ற மீன்கள் மற்றவற்றைவிட வெகு முன்னதாக நீந்தின. கட்டுரை எழுதினோம். வெளிநாட்டு இதழ் ஒன்று வெளியிட்டது.

ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அது செய்தியானது. 'முடங்கியவர்கள் எழுந்து நடக்கலாம்: தருமபுரி பேராசிரியை சாதனை' என்று தலைப்பு. மீன் என்ற சொல் நான்காவது பத்தியில்தான் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். புளிய மரத்திலிருந்து விழுந்தவர்களின் வீட்டார், கிணற்றில் விழுந்தவரின் மகன், பைக்கில் அடிபட்ட பையனின் தகப்பனார். எல்லோர் கையிலும் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை.

சித்தேரி மலையிலிருந்து பொன்னி என்ற பெண் வந்தார். கணவர் அண்ணாமலை புளி உலுக்கும்போது கிளை முறிந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மலைப் பேருந்து பிடித்து, அரூரில் மாறி, வகுப்பு முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஊசிங்களா, மாத்திரைங்களா?" என்று கேட்டார்.

"உங்களுக்குக் குடுக்க ரெண்டும் இல்லைங்க. இது மீனுக்குத்தான் பாத்திருக்கோம். இந்த அடிக்கு மனுசருக்கு இன்னும் யாரும் குடுத்துப் பாக்கல."

"மீனுக்கு ஆனது மனுசனுக்கு ஆவாதுங்களா?"

"தெரியாதுங்க. ஆவாம போகலாம். நீங்க இத நம்பி இருக்காதீங்க."

பொன்னி தலையாட்டினார். மேடம் அவருடைய ஊர், பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். வருகிற எல்லோருடைய விவரத்தையும் அதில் எழுதுவார். பொன்னி அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பெயரைப் பதிந்துகொண்டால் என்றைக்காவது கூப்பிடுவார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

ஒரு வருடம் கழித்து, ஒரு பிற்பகல் மேடம் என்னை மைக்ராஸ்கோப்புக்குக் கூப்பிட்டார். ஏதோ ஒரு சொற்பொழிவுக்கு நல்ல படமாக எடுக்கலாம் என்று, மீன்களின் தண்டுவடத்தைச் சீவி எடுத்த பழைய ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "சார், இதக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். வெட்டிய இடத்தின் ஓரத்தில், வெட்டுப்படாமல், பழைய நரம்பிழைகள் சில நேராக ஓடின. புதிதாக வளரும் இழை வளைந்து நெளிந்து வழி தேடிப் போகும். இவை வளரவில்லை. முதலிலிருந்தே அறுபடவில்லை.

"ஒண்ணு ரெண்டுல அப்படி இருக்கும் மேடம்" என்றேன்.

எல்லா ஸ்லைடுகளையும் மறுபடி பார்க்க எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. மருந்து பெற்று, வேகமாக நீந்திய மீன்களில் பலவற்றின் தண்டுவடம் முழுதாக வெட்டப்படவே இல்லை. மருந்து பெறாத மீன்களில் வெட்டு சுத்தமாக இருந்தது. மருந்து எதுவும் செய்திருக்கவில்லை.

நான் வாதாடினேன். கட்டுரையில் ஒரு திருத்தக் குறிப்பு போட்டால் போதும் என்றேன், இன்னொரு முறை சோதனை செய்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றேன், உலகத்தில் எத்தனை கட்டுரைகள் இதைவிட மோசமாக இருக்கின்றன என்று பட்டியல் போட்டேன். அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருந்தது. விண்ணப்பத்தில் முதல் வரியாக இருந்தது அந்தக் கட்டுரைதான். இதையும் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார். "சார், நாம வெட்டாதத வளந்துச்சுன்னு எழுதியிருக்கோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. நாள் முழுக்க வெயிலில் நடந்து வந்தவர் பேசுவதுபோல் இருந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்றைக்கே இதழுக்குக் கடிதம் எழுதினார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றதும் கல்லூரியில் ஒரு விசாரணைக் குழு வைத்தார்கள். மூன்று பேர். அவர்களுக்கு எதிரே மேடம், பக்கத்தில் நான். குழுத் தலைவர் காகிதத்தைப் பார்த்தபடி, "அறுவையைச் செய்தது யார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு நேரம் இருந்தது. நன்றாகவே நேரம் இருந்தது. மேடம் சொன்னார்: "என் ஆய்வகத்துல நடந்ததுங்க. சரிபாக்காம விட்டது நான்தான். என் பேரயே எழுதிக்கங்க." அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவருடைய ஆய்வுத் திட்டத்தை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். கட்டுரை திரும்பப் பெறப்படும் முன்பே நேர்காணல் முடிந்திருந்ததால் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இதற்கப்புறம் அவர் செய்ததை உங்களில் சிலர் நேரில் பார்த்திருக்கிறீர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, அதில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில், பேருந்தில். காரிமங்கலம் பக்கம் இரண்டு வீடு, பென்னாகரம் பக்கம் மூன்று, பாலக்கோட்டில் ஒன்று. போன் செய்து சொல்லிவிடலாமே என்றதற்கு, "போன்ல சொன்னா பாதிதான் காதுல ஏறும் சார்" என்றார். சித்தேரிக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். ஏன் கிளம்பினேன் என்பதை இப்போது யோசித்தால், வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

மலைப் பேருந்து வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு ஏறியது. இறங்கி, சாமை அறுத்த காட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். அண்ணாமலை கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அரசு மருத்துவமனையில் கொடுத்த சக்கர நாற்காலி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் மடித்துக் கிடந்தது. பொன்னி எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பாய் விரித்தார். கூப்பிட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

மேடம் பாயில் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்தரையில் உட்கார்ந்தார்.

"நான் எழுதுனது தப்புங்க. அந்த மருந்து ஒண்ணும் பண்ணல. மீனு எப்பவும்போலத் தானாத்தான் நீஞ்சுச்சு. நாங்க சரியாப் பாக்காம மருந்துதான் காரணம்னு சொல்லிட்டோம்."

அண்ணாமலை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னிதான் பேசினார். "இதச் சொல்லவா இவ்ளோ தூரம் மல ஏறி வந்தீங்க? சொல்லாமயே இருந்திருக்கலாமில்ல. அவரு பாட்டுக்கு நெனச்சுக்கிட்டாவது கெடந்திருப்பாரு."

"சொல்லலைனா காத்துக்கிட்டே இருப்பீங்கம்மா."

"காத்துக்கிட்டு இருந்தா என்ன? வேற என்னா வேல இருக்குது அவருக்கு?"

மேடம் மூலையில் கிடந்த சக்கர நாற்காலியைப் பார்த்தார். அண்ணாமலையிடம், அந்த நாற்காலியில் ஏன் உட்காரவில்லை என்று கேட்டார். அவர் முதல்முறையாகப் பேசினார். "நடக்கறவனுக்கு எதுக்குங்க நாற்காலி? கொஞ்ச நாளுதானேன்னு விட்டுட்டேன்." புரட்டிப் படுக்க வைப்பதையும், பயிற்சியையும் அதேபோல் விட்டிருந்தார்கள். மேடம் கேட்டு, பொன்னி அவரைத் திருப்பிக் காட்டினார். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். உணர்வில்லாததால் அவருக்கு அது தெரியவில்லை. வாடையை நாங்கள் வாசலிலேயே உணர்ந்திருந்தோம். மேடம் அந்தப் புண்ணைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார். பிறகு எழுந்து வெளியே போய், சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று, ஆம்புலன்ஸுக்கும் மருத்துவமனையில் தெரிந்த ஒரு டாக்டருக்கும் பேசினார். மறுநாளே அண்ணாமலையைத் தருமபுரிக்குக் கொண்டுவந்தார்கள். புண் ஆறப் பல மாதம் ஆனது. அந்த மாதங்களில் கல்லூரி முடிந்ததும் மேடம் தினமும் வார்டுக்குப் போய்விட்டுத்தான் காரிமங்கலம் பஸ் ஏறினார். பொன்னி வெகுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேடமும் அதை எதிர்பார்க்கவில்லை.

அன்று சித்தேரியிலிருந்து இறங்கும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. மேடம் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத்தான் நான் பேச ஆரம்பித்தேன். மருந்து கொடுக்காத மீன்களுக்கெல்லாம் காலையில் அறுவை செய்தேன், மருந்து கொடுக்கும் மீன்களுக்கு நான்கு வகுப்பு எடுத்து முடித்துவிட்டு மாலையில் செய்தேன், அந்த வருடம் கிட்டத்துப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது, கண்ணாடி மாற்றவேண்டும் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டேன், வெட்டு சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்த நாட்களில்கூடச் சரிபார்க்கவில்லை என்று, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும் சார். ஸ்லைடு பொட்டியிலயே நேரம் எழுதியிருக்குதே, உங்க கையெழுத்துல."

"அப்ப ஏன் மேடம் குழு முன்னால சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "களைப்பா இருக்குது சார். அரூர் வந்தா எழுப்புங்க" என்றார்.

அரூரில் எழுப்பினேன். இருவரும் டீ குடித்தோம். அதைப் பற்றி அப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. இத்தனை வருடமும் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து அப்படியேதான் வேலை பார்த்தோம்.

தண்டுவட வேலை நின்றதும் மேடம் மூளைக்காய்ச்சல் பக்கம் திரும்பினார். பென்னாகரத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்திருந்தார். அண்ணாமலையைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய்வந்ததில் ஏற்பட்ட பழக்கம். மூளைக்காய்ச்சல் வந்து, மருந்தில் கிருமி செத்து, காய்ச்சலும் இறங்கிய பிறகு அந்தச் சிறுமிக்குக் காது போயிருந்தது. "பூச்சி செத்துருச்சுன்னு டாக்டரு சொல்றாரு. அப்பறம் எதுக்குங்க காது போவணும்?" என்று அந்தத் தாய் கேட்டார். மேடம் அந்தக் கேள்வியை அப்படியே எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொண்டார். "அதே காவலாளுங்கதான் சார். கிருமி செத்த பின்னாலயும் மூளையிலயே நின்னு அடிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். திட்டம் இல்லை, நிதி இல்லை. மீன் குஞ்சுகளின் மூளையில் அழற்சி எப்படி வருகிறது, எப்போது அடங்குகிறது, ஒரு மருந்தால் அடங்குமா என்று, அவரும் ரஹீம் பாயும் கேன் தண்ணீரோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அறுவை தேவைப்படாத வேலை. என்னைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். ஒவ்வொரு படத்தையும் இருவரும் தனித்தனியாகப் பார்த்து எழுதவேண்டும், எது மருந்து பெற்ற மீன் என்பது ரஹீம் பாய்க்கு மட்டுமே தெரியவேண்டும் என்று ஒழுங்கு வைத்தார்.

நான்கு வருட உழைப்பில் வந்த கட்டுரை இரண்டு பக்கம். சோதித்த மருந்து அழற்சியை அடக்கவில்லை என்பதுதான் அதன் முடிவு. ஒரு சிறிய இதழ் வெளியிட்டது. எந்த நாளிதழும் எழுதவில்லை. மேடம் எங்கள் மூவருக்கும் கேசரி வாங்கி வந்தார். "இந்த வழியில போகாதீங்கன்னு ஒரு போர்டு வெச்சிருக்கோம் சார். பின்னால வர்றவங்களுக்கு நாலு வருசம் மிச்சம்" என்றார். மனதாரச் சந்தோஷமாக இருந்தார். எனக்குத்தான் தாளவில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தது போன வருடம். விடுப்பு எடுக்காமல் முடிந்தவரை வந்தார். கடைசியாக அவரைப் பார்க்கக் காரிமங்கலம் போனது சந்தை நாள். மாடும் ஆடும் வண்டியுமாகச் சாலை அடைத்துக்கொண்டதால் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். அவர் மெலிந்து, தலையணைகளுக்கு நடுவே சின்னதாக இருந்தார். அந்தப் பென்னாகரத்துச் சிறுமி காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்துவிட்டாளா என்று கேட்டார். சேர்ந்துவிட்டாள் என்றேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். நான் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். உங்களுக்குத்தான் அது இன்னும் உறுத்திக்கிட்டு இருக்குது" என்றார். அவர் என்னைக் குறை சொல்லிய ஒரே தருணம் அது என்றால், அதுவும் குறையாகப் படவில்லை.

அடக்கத்துக்கு அண்ணாமலை வந்திருந்தார். சக்கர நாற்காலியை வேனிலிருந்து இறக்கித் தானே உருட்டிக்கொண்டு வந்தார். இப்போது மலையிலும் கீழேயும் யார் அடிபட்டுப் படுத்தாலும் அந்த வீட்டுக்குப் போய், எப்படிப் புரட்டவேண்டும், எப்படி நாற்காலியில் ஏறவேண்டும் என்று காட்டிக் கொடுப்பது அவர்தான். பொன்னி மேடத்தின் காலடியில் நின்று வெகுநேரம் அழுதார். என்னை அடையாளம் தெரிந்து, "நீங்களும் அன்னைக்கு வந்தீங்கதானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போன புதன்கிழமை கல்லூரியில் இரங்கல் கூட்டம். துறைத்தலைவர் தீர்மானத்தைப் படித்தார். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். அதில் ஒரு வரி: 'ஆய்வுப் பணியில் ஒருமுறை தம்மால் பிழை நேர்ந்தபோதும் மனம் தளராமல்...' நான் எழுந்து நின்றேன். அந்தப் பிழை அவருடையது அல்ல என்றேன். அந்த மீன்களை வெட்டியது நான், சரியாக வெட்டவில்லை, தெரிந்தும் குழு முன்னால் வாய் திறக்கவில்லை, அந்தக் கட்டுரையைக் காட்டிப் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டேன் என்றேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் பேசினேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல்வர் மெதுவாக, "இப்ப எதுக்கு சார் இதெல்லாம்? அவங்களே போயிட்டாங்க" என்றார். பின்வரிசையில் ரஹீம் பாய் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அலுவலக எழுத்தர் தாளை என்னிடம் கொண்டுவந்து, "எப்படிங்க சார் மாத்தி எழுதறது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதினார். நேரம் பதினொன்று ஐம்பது. அடுத்த மணியில் எனக்கு இரண்டாமாண்டு வகுப்பு இருந்தது.

செண்பகம் மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்று சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. செய்தது தவறு என்றால் தவறு என்று, களைத்த குரலிலேயே சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்குப் போவது. அவரால் அன்றைக்கே முடிந்தது. எனக்கு இவ்வளவு காலம் ஆனது. தீர்மானத்தின் புது வரியில் என் பெயர் இருந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.